‘அப்படியே நான்தான்!’: ஆளுமைச் சோதனை எழுதப் போகிறவர்களுக்கு

மதுரையில் கே.கே.நகர் விடுதியிலிருந்தோ கோரிப்பாளையம் டீக்கடையிலிருந்தோ யாராவது ஒரு நண்பர் ஆளுமைச் சோதனை ஒன்றின் சுட்டியை உங்களுக்கும் அனுப்பியிருப்பார். “எழுதிப் பார், அப்படியே என்னைச் சொல்லிவிட்டது” என்று கூடவே ஒரு வரி. நண்பரின் வாட்ஸ்அப் அறிமுகத்தில் பெயருக்குக் கீழே ‘ஐஎன்எஃப்பி’ என்றோ ‘ஈஎஸ்டிஜே’ என்றோ நான்கு எழுத்துகள் புதிதாக வந்து உட்கார்ந்திருக்கும்.

எழுதாதீர்கள் என்று தடுக்க நான் வரவில்லை. தாராளமாக எழுதுங்கள். தன்னைப் பற்றி ஒரு மணி நேரம் உட்கார்ந்து யோசிக்க நமக்கு வேறு சந்தர்ப்பம் எங்கே வாய்க்கிறது? ஆனால் ‘அப்படியே நான்தான்’ என்ற அந்தச் சிலிர்ப்பை மட்டும் வைத்துச் சோதனை சரியானது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அந்தச் சிலிர்ப்பை யாருக்கும் வரவழைத்துவிடலாம். எப்படி என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில், எதை எழுதுவது?

இணையத்தில் ‘ஆளுமைச் சோதனை’ என்று தேடினால் வந்து கொட்டும். ‘நீங்கள் எந்தப் பூ’ வகையறாவை விட்டுவிடலாம். அவை பொழுதுபோக்கு, அப்படியே வைத்துக்கொண்டால் தீங்கில்லை. மற்றவற்றில் இரண்டு குடும்பங்களை அறிந்திருந்தால் போதும்.

ஒன்று, ஆட்களை வகைகளாகப் பிரிப்பது. இதில் பெயர் பெற்றது எம்பிடிஐ எனப்படும் மையர்ஸ்-பிரிக்ஸ் சோதனை. சுவிட்சர்லாந்து நாட்டு மனநல மருத்துவர் கார்ல் யுங் 1921இல் வெளியிட்ட நூலின் கருத்துகளிலிருந்து, அமெரிக்காவைச் சேர்ந்த கேத்தரின் குக் பிரிக்ஸ், இசபெல் பிரிக்ஸ் மையர்ஸ் என்ற தாயும் மகளும் இதை உருவாக்கினார்கள். இருவரும் முறையாக உளவியல் படித்தவர்கள் அல்லர். இரண்டாம் உலகப் போரின்போது பெண்கள் கூட்டம் கூட்டமாக வேலைக்குப் போன காலத்தில், யாருக்கு எந்த வேலை பொருந்தும் என்று கண்டுபிடிக்க உதவலாம் என்பது மகளின் எண்ணம். நான்கு கோடுகள் போட்டு, ஒவ்வொரு கோட்டுக்கும் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று கேட்டார்கள். வெளியுலகில் ஊக்கம் பெறுபவரா, தனிமையிலா. கண்ணால் கண்ட விவரத்தை நம்புபவரா, அதற்குப் பின்னால் இருக்கும் பொருளைத் தேடுபவரா. தர்க்கத்தை வைத்து முடிவெடுப்பவரா, சம்பந்தப்பட்ட மனிதர்களை வைத்தா. முன்கூட்டியே முடித்து வைப்பவரா, கடைசிவரை கதவைத் திறந்து வைத்திருப்பவரா. நீங்கள் நிற்கும் பக்கத்துக்கு ஓர் ஆங்கில எழுத்து; நண்பரின் பெயருக்குக் கீழே வந்த நான்கு எழுத்துகள் இவைதான். நான்கு கோட்டுக்கு இரண்டு இரண்டாகப் பெருக்கினால் 16 வகைகள்.

அதிகாரபூர்வமான எம்பிடிஐ கட்டணச் சோதனை. நண்பர் அனுப்பியது அநேகமாக 16 பெர்சனாலிட்டீஸ் என்ற இலவசத் தளத்தின் சுட்டியாக இருக்கும். எழுத்துகள் ஒன்றுபோல் இருந்தாலும் இரண்டும் ஒன்றல்ல. கடைசியில் ‘ஏ’ அல்லது ‘டி’ என்று ஐந்தாவது எழுத்து ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தால் அது இந்தத் தளத்தின் கைவேலை.

இரண்டாவது குடும்பம், ஆட்களை வகைப்படுத்தாமல் பண்புகளை அளப்பது. பிக் ஃபைவ் என்பார்கள். புதியதை நாடுதல், பொறுப்போடு முடித்தல், கலகலப்பு, இணங்கிப்போதல், மனக்கலக்கத்துக்கு ஆளாதல் என ஐந்து பண்புகள். ஒவ்வொன்றிலும் நீங்கள் எந்த அளவில் இருக்கிறீர்கள் என்று மட்டும் இது சொல்லும். ஆளுமை ஆய்வாளர்கள் பெரும்பாலும் நம்புவது இதைத்தான். லூயிஸ் கோல்ட்பெர்க் என்ற உளவியலாளர் முன்னெடுத்த ஐபிஐபி கேள்வித் தொகுப்பு யாருக்கும் சொந்தமில்லாத பொதுச் சொத்து. அதிலிருந்து எடுத்த 120 கேள்விச் சோதனை இணையத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. இதன் முடிவில் கவர்ச்சியான பட்டப் பெயரோ அழகான பொம்மையோ இருக்காது. அதனால்தான் இதை யாரும் வாட்ஸ்அப்பில் போட்டுக்கொள்வதில்லை.

என் யோசனை: முதல் குடும்பத்தில் ஒன்று, இரண்டாவதில் ஒன்று, இரண்டையும் ஒரே வாரத்தில் எழுதுங்கள்.

பணம் கொடுத்து எழுத வேண்டிய அவசியம் தொடங்குகிறவர்களுக்கு இல்லை. இருபது நிமிடம் விடையளிக்க வைத்துவிட்டு, ‘முடிவைப் பார்க்க இவ்வளவு கட்டுங்கள்’ என்று கடைசிப் பக்கத்தில் கையேந்தும் தளங்கள் உண்டு. தொடங்கும் முன்பே அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். இதைவிட மோசமான ஒன்றைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளையின் பத்து விரல் ரேகையை ஸ்கேன் செய்து, ‘இவன் மூளை இப்படி, இவனுக்கு இந்தப் படிப்பு’ என்று பல பக்க அறிக்கை தருகிற ஒரு வியாபாரம் ஊர் ஊராக நடக்கிறது. விரல் ரேகைக்கும் குணத்துக்கும் படிப்புக்கும் முடிச்சுப் போட அறிவியலில் எந்த ஆதாரமும் இல்லை. ஆயிரக்கணக்கில் கட்டணம் கேட்பார்கள். திருமங்கலத்திலோ உசிலம்பட்டியிலோ யாராவது உங்கள் பெற்றோரிடம் இதை விற்க வந்தால், காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

எங்கே, எப்போது

ஷேர் ஆட்டோவில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்து எழுதாதீர்கள். தேர்வு முடிவு வந்த அன்றும், வீட்டில் சண்டை போட்ட அன்றும் வேண்டாம். அன்றைய மனநிலைதான் உங்கள் குணம் என்று பதிவாகிவிடும். அறையில் நண்பர்கள் தோள்வழியே எட்டிப் பார்த்தால் உண்மையான விடை வராது. வீட்டில் தனிமை கிடைக்காதவர்கள் நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போய் ஒரு மூலையில் உட்காரலாம். ஒரு தாளும் பென்சிலும் எடுத்துப் போங்கள். கைபேசியைவிட அவைதான் பின்னால் அதிகம் தேவைப்படும்.

தளம் உங்கள் பெயரையும் தொலைபேசி எண்ணையும் கேட்டால் கொடுக்காதீர்கள். ‘ஃபேஸ்புக் மூலம் உள்ளே வரவும்’ என்ற பொத்தானைத் தொடவே வேண்டாம். ஃபேஸ்புக் பயனர்களின் விவரங்களைத் திரட்டித் தேர்தல் பிரசாரத்துக்குப் பயன்படுத்தியதாகச் சிக்கிய கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா நிறுவனத்தின் விவகாரம் நினைவிருக்கிறதா? ஒரு ஆளுமைச் சோதனைச் செயலியில்தான் அது தொடங்கியது. செயலியை நிறுவியவர்கள் சுமார் மூன்று லட்சம் பேர்தான். அவர்கள் நண்பர்களின் விவரங்களையும் சேர்த்து 8.7 கோடிப் பேர் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று 2018இல் ஃபேஸ்புக்கே ஒப்புக்கொண்டது. மின்னஞ்சல் முகவரி கட்டாயம் என்றால் இதற்கென்று தனியாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

விடையளிப்பது

பெரும்பாலானோர் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான். அதனால் சற்று நின்று போவோம்.

கேள்விகள் நம் ஊரை மனதில் வைத்து எழுதப்பட்டவை அல்ல. விருந்துகளில் அறிமுகமில்லாதவர்களிடம் நீங்களாகப் போய்ப் பேசுவீர்களா என்று ஒரு கேள்வி வரும். நமக்கு விருந்து என்றால் கலியாண மண்டபம். அங்கே சித்தப்பா மகன் நீங்கள். வாசலில் நின்று வரவேற்பீர்கள், பந்தியில் சாம்பார் வாளியோடு ஓடுவீர்கள், மொய் எழுதும் மேசையில் உட்கார்ந்து இருநூறு பேரிடம் நலம் விசாரிப்பீர்கள். இதையெல்லாம் நினைத்து ‘ஆமாம், மிகவும் பேசுவேன்’ என்று அழுத்தினால் அது உங்கள் கடமைக்கு விழுந்த மதிப்பெண், உங்கள் இயல்புக்கு அல்ல. மண்டபத்திலிருந்து திரும்பியதும் என்ன செய்தீர்கள் என்று யோசியுங்கள். திண்ணையில் உட்கார்ந்து மறுபடியும் அரட்டையா, கதவைச் சாத்திக்கொண்டு படுக்கையா? விடை அங்கே இருக்கிறது.

முடிவெடுப்பது பற்றிய கேள்விகளும் அப்படித்தான். எந்தக் கல்லூரி, எந்தப் பாடம் என்பதை அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து முடிவு செய்த வீட்டில், ‘பெரிய முடிவுகளைத் தர்க்கரீதியாக எடுப்பேனா’ என்று கேட்டால் என்ன சொல்வது? நீங்களே எடுத்த சின்ன முடிவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். கைபேசி வாங்கியது, கடன் கேட்ட நண்பனுக்கு இல்லையென்று சொன்னது, ஒரு வகுப்பை விட்டு விலகியது. அறை ஒழுங்காக இருக்கிறதா என்ற கேள்விக்கு விடை சொல்லும் முன், அதை ஒழுங்காக வைத்திருப்பது நீங்களா அம்மாவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த சிக்கல், எந்த ‘நான்’ விடையளிப்பது என்பது. மேலூரிலிருந்து பஸ்ஸில் வந்து படிக்கும் ஒரு மாணவியை நினைத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் அவள் வாய் திறப்பதில்லை. மாலையில் அப்பாவின் மளிகைக் கடையில் தராசுக்குப் பின்னால் நிற்கும்போது, உளுந்து விலை ஏறிவிட்டது என்று முறைக்கிற வாடிக்கையாளரைச் சிரித்துப் பேசி, கூடவே அரைக் கிலோ துவரம்பருப்பையும் வாங்க வைத்து அனுப்புகிறாள். ‘புதியவர்களிடம் பேசத் தயங்குவேன்’ என்ற கேள்விக்கு அவள் ஆமாம் என்றாலும் உண்மை, இல்லை என்றாலும் உண்மை. இரண்டுக்கும் பொதுவாக, ஆமாமும் இல்லாமல் இல்லையும் இல்லாமல் நடுவில் இருக்கும் வட்டத்தை அழுத்தினால்தான் பொய். இதற்கு நான் சொல்லும் வழி, தாளின் தலைப்பில் ‘கல்லூரியில் நான்’ என்று எழுதி வைத்துக்கொண்டு முழுச் சோதனையையும் அந்த இடத்தை மட்டும் நினைத்து எழுதுவது. இன்னொரு நாள் ‘கடையில் நான்’ என்று தலைப்பிட்டு மறுபடி எழுதுவது. இரண்டு முடிவும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே விலகுகின்றன என்று பார்த்தால் பட்டப் பெயரைவிடப் பயனுள்ள செய்தி கிடைக்கும்.

‘நான் எப்படிப்பட்டவன்’ என்று யோசித்தால் நாம் ஆக விரும்புகிற ஆள்தான் விடை சொல்வான். ‘போன மாதம் நான் என்ன செய்தேன்’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். ‘வேலையைத் தள்ளிப்போடுவதில்லை’ என்று அழுத்தும் முன், ரெக்கார்டு நோட்டை எந்த இரவு எழுதி முடித்தீர்கள் என்பது நினைவுக்கு வரட்டும்.

எதிர்மறை வாக்கியங்களிலும் கவனம் தேவை. ‘நான் அபூர்வமாகத்தான் கவலைப்படுவேன்’ என்ற கேள்விக்கு ‘ஒத்துக்கொள்ளவில்லை’ என்று அழுத்தினால் அடிக்கடி கவலைப்படுவேன் என்று பொருள். ஆங்கிலத்தில் வேகமாக வாசித்துப் போகிறவர்கள் இதில் தலைகீழாக விழுவார்கள். எதிர்மறையைக் கழற்றிவிட்டு, ‘நான் அடிக்கடி கவலைப்படுகிறேனா’ என்று மனதுக்குள் கேட்டு, பிறகு எந்தப் பக்கம் அழுத்துவது என்று பாருங்கள். உலாவியின் தானியங்கித் தமிழாக்கத்தை நம்ப வேண்டாம். புரியாத கேள்வி என்றால் ஆங்கிலம் தெரிந்தவரிடம் கேட்டுக்கொள்வதே மேல்.

முடிவை வாசிப்பது

முடிவு வந்ததும் கண் பட்டப் பெயருக்கும் பொம்மைக்கும் ஓடும். அதைத் தாண்டிக் கீழே சதவீதங்களுக்குப் போங்கள். 51 என்று வந்தாலும் 89 என்று வந்தாலும் கிடைப்பது அதே எழுத்துதான். ஊர் மக்களை எல்லாம் நிற்க வைத்து, ஐந்தடி நான்கு அங்குலத்தில் ஒரு கோடு போட்டு, மேலே இருப்பவர் எல்லாம் நெட்டை, கீழே இருப்பவர் எல்லாம் குட்டை என்றால் எப்படி? பெரும்பாலானோர் கோட்டுக்குப் பக்கத்தில்தான் நிற்பார்கள். குணங்களும் அப்படியே, நடுவில் கூட்டம் அதிகம். அதனால்தான் சில வாரம் கழித்து மறுபடி எழுதுகிற பலருக்கு ஏதாவது ஓர் எழுத்து மாறிவிடுகிறது. வகைப்படுத்தும் சோதனைகள் மீது ஆய்வாளர்கள் வைக்கும் முக்கியமான குறையும் இதுதான். உங்களுக்கு 45க்கும் 55க்கும் இடையில் வந்த எழுத்தின் மீது பென்சிலால் ஒரு கேள்விக்குறி போடுங்கள். அந்த எழுத்தைப் பற்றிய விளக்கத்தைப் பாதி நம்பினால் போதும்.

இப்போது அந்தச் சிலிர்ப்புக்கு வருவோம். 1948இல் அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ராம் ஃபோரர் தன் வகுப்பு மாணவர்கள் 39 பேருக்கு ஒரு சோதனை வைத்தார். சில நாள் கழித்து ஒவ்வொருவர் கையிலும் அவரவர் ஆளுமைக் குறிப்பு என்று ஒரு தாளைக் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. எல்லாருக்கும் கொடுத்தது ஒரே தாள். அதில் இருந்த வரிகளைக் கடையில் விற்ற ஒரு ஜோதிடப் புத்தகத்திலிருந்து திரட்டியிருந்தார். ‘மற்றவர்கள் உங்களை விரும்ப வேண்டும் என்ற ஏக்கம் உங்களுக்கு உண்டு’, ‘உங்களை நீங்களே குறை சொல்லிக்கொள்வீர்கள்’, ‘சில நேரம் கலகலப்பு, சில நேரம் ஒதுங்கல்’ என்கிற மாதிரியான வரிகள். தல்லாகுளத்தில் நின்று போகிறவர் வருகிறவரிடம் எல்லாம் சொன்னாலும், ‘உங்களுக்கு எப்படித் தெரியும்?’ என்றுதான் கேட்பார்கள். பின்னர் 1956இல் பால் மீல் என்ற உளவியலாளர், சர்க்கஸ் முதலாளி பார்னத்தின் பெயரால் இந்த மயக்கத்தைக் குறிப்பிட்டார். பார்னம் விளைவு என்ற பெயர் அப்படி நிலைத்தது.

எனவே முடிவைப் பென்சிலோடு வாசியுங்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரே கேள்வி: ‘இதற்கு நேர்மாறானதை யாராவது தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வார்களா?’ ‘நெருக்கமானவர்களுக்கு உண்மையாக இருப்பீர்கள்’ என்றால், துரோகம் செய்வேன் என்று யார் சொல்வார்? அடித்துவிடுங்கள். ‘உங்கள் திறமை இன்னும் முழுதாக வெளிப்படவில்லை’, அதையும் அடியுங்கள். ‘பயணத்துக்கு முன்பே நேர அட்டவணை போடாவிட்டால் உங்களுக்கு நிம்மதி இருக்காது’ என்பதைப் பலர் மறுப்பார்கள். அது நிற்கட்டும். இரண்டு பக்க விளக்கத்தில் நான்கைந்து வரி மிஞ்சினாலே நல்ல விளைச்சல்.

இன்னொரு சோதனையும் செய்யலாம். உங்கள் வகையோடு வேறு இரண்டு வகைகளின் விளக்கத்தையும், பெயர் தெரியாமல் மூன்று தாள்களில் ஒரு நண்பரை எழுதித் தரச் சொல்லுங்கள். உங்களுடையது எது என்று கண்டுபிடியுங்கள். மூன்றுமே பொருந்துகிற மாதிரி இருந்தால், குற்றம் உங்கள் மீது இல்லை.

பக்கத்தில் இருப்பவரிடம் கேளுங்கள்

மிஞ்சிய வரிகளை உங்களை நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோங்கள். ‘இது சரியா’ என்று கேட்டால் அன்பானவர்கள் சரி என்றுதான் சொல்வார்கள். ஒரு வரியையும் அதன் நேரெதிர் வரியையும் வைத்து, எது நான் என்று கேளுங்கள். ஒரு வீட்டில் இப்படி நடக்கலாம்:

“அக்கா, எல்லாவற்றையும் திட்டமிட்டுச் செய்பவன், கடைசி நிமிடத்தில் ஓடுபவன். இதில் நான் யார்?”

“நீ திட்டமிடுகிறவனா? தீபாவளிக்கு ஊருக்கு வர எந்த வருடம் டிக்கெட் முன்பதிவு செய்திருக்கிறாய்? போன தடவைகூட மாட்டுத்தாவணி வரைக்கும் நின்றுகொண்டுதான் வந்தாய்.”

“சோதனையில் 72 சதவீதம் திட்டமிடுபவன் என்று வந்திருக்கிறதே?”

“திட்டம் போடுவாய்டா, நான் இல்லை என்று சொல்லவில்லை. நோட்டு நோட்டாகப் போடுவாய்.”

இந்தத் தம்பிக்கு 72 என்ற எண்ணைவிட அக்காவின் கடைசி வரி பெரிய செய்தி. அவன் விடையளித்தது பொய்யல்ல. திட்டம் போடுவதையும் திட்டப்படி நடப்பதையும் ஒன்றாக எண்ணிவிட்டான். சோதனையோடு நீங்கள் சண்டை போடுகிற இடம், சோதனையோடு வீட்டார் சண்டை போடுகிற இடம், இவைதான் குறித்து வைக்க வேண்டியவை. ஒத்துப்போகிற இடங்கள் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்தவை. ஒரு எச்சரிக்கை: உள்ளுக்குள் குமையும் கவலை, பதற்றம் போன்றவற்றில் மற்றவர் சொல்வதைவிட உங்கள் விடைக்கே மதிப்புக் கொடுங்கள். அவர்களுக்கு அது வெளியே தெரியாது.

எதற்குப் பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது

இலந்தைக்குளத்திலோ வடபழஞ்சியிலோ தகவல் தொழில்நுட்பப் பூங்காவில் நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர்கள் சுயவிவரத்தில் நான்கு எழுத்தைப் போட வேண்டியதில்லை. எம்பிடிஐயை வெளியிடுகிறவர்களே ஆள் எடுப்பதற்கு அதைப் பயன்படுத்தக்கூடாது என்கிறார்கள். நிறுவனமே ஏதாவது ஆளுமைச் சோதனை வைத்தால், அவர்களுக்குப் பிடித்த விடை எது என்று ஊகித்து எழுதாதீர்கள். அப்படி எழுதி வேலை கிடைத்தால் தினமும் அந்த ஆளாக நடிக்க வேண்டியிருக்கும். ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்றால் வகையைச் சொல்லாமல் ஒரு நிகழ்ச்சியைச் சொல்லுங்கள். கல்லூரி விழாவில் ஒலிபெருக்கிக்காரர் வராதபோது என்ன செய்தீர்கள் என்பது நான்கு எழுத்தைவிட அதிகம் பேசும்.

பிளஸ் டூ முடித்து என்ன படிக்கலாம் என்று தேடுகிறவர்களுக்கு ஆளுமைச் சோதனையைவிட ஆர்வச் சோதனை உதவும். ஜான் ஹாலண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் வகுத்த ஆறு ஆர்வ வகைகளின் அடிப்படையில் இலவசமாகவே கிடைக்கின்றன. கையால் செய்யும் வேலை, ஆராய்ச்சி, கலை, மனிதர்களுக்கு உதவுதல், முன்னின்று நடத்துதல், கணக்கு வழக்கை ஒழுங்குசெய்தல் என்று நேரடியாகக் கேட்கும். அதிலும் வருகிற விடையை வைத்துத் தேடத் தொடங்கலாம், தேடலை முடித்துவிடக்கூடாது.

வரன் பார்க்கும் இடத்தில் இதைக் கொண்டுவருவது எனக்குச் சற்றும் பிடிக்கவில்லை. பத்துப் பொருத்தம் பார்த்து அலுத்த வீடுகளுக்குப் பதினோராவதாக ஒன்றைச் செய்து கொடுத்த மாதிரி ஆகும். பெண்ணும் பையனும் உட்கார்ந்து பேசிக்கொள்ளும்போது இரண்டு பேரின் முடிவையும் வைத்துச் சிரித்துப் பேசினால் அது வேறு. அதனால் பேச்சாவது வளரும்.

மனக்கலக்கப் பண்பில் உயர்ந்த மதிப்பெண் வந்தால் அது நோய் என்று பயப்படாதீர்கள். ஆளுமைச் சோதனை எதுவும் நோயைக் கண்டறிவதில்லை. ஆனால் எழுதும்போதே தூக்கமின்மை, எதிலும் பிடிப்பின்மை, உயிர் வாழ வேண்டாம் என்ற எண்ணம் போன்றவற்றை நினைத்துக் கை நின்றால், சோதனையை மூடிவிட்டு 14416 என்ற டெலிமானஸ் எண்ணை அழையுங்கள். அரசின் இலவச உதவி எண், இரவு பகல் எந்நேரமும் இயங்குகிறது, தமிழில் பேசலாம். நேரில் போக விரும்பினால் பெரியாஸ்பத்திரி என்று நாம் சொல்லும் அரசு இராசாசி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது.

மறுபடி எழுதுவது

ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து எழுதுங்கள். வாராவாரம் எழுதினால் விடைகள் மனப்பாடம் ஆகிவிடும், பிடித்த முடிவு வரும்வரை எழுதுகிற பழக்கமும் ஒட்டிக்கொள்ளும். முதல் தடவையின் தாளில் தேதி, சோதனையின் பெயர், எந்த ‘நான்’ விடையளித்தது, சதவீதங்கள், அடிக்காமல் விட்ட வரிகள், அக்காவோ அறைத் தோழரோ மறுத்த வரி ஆகியவை இருக்கட்டும். இரண்டாம் தடவை எழுதி முடிக்கும்வரை அந்தத் தாளை எடுக்காதீர்கள். எடுத்த பிறகு எழுத்துகளை ஒப்பிட வேண்டாம், சதவீதங்களை ஒப்பிடுங்கள். நான்கைந்து புள்ளி கூடியிருந்தாலோ குறைந்திருந்தாலோ பொருட்படுத்த வேண்டியதில்லை. இருபது புள்ளிக்கு மேல் நகர்ந்திருந்தால், இடையில் நடந்தது என்ன என்று ஒரு வரி எழுதி அதே தாளோடு சேர்த்துப் பின் குத்தி வையுங்கள்.